வேலூரில் கண்ட பிழை, பெங்களூருவில் பிறக்கும் சுண்டெலி

மூன்று வயதுவரை அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடியாடும். அதற்குப் பிறகு, எட்டு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில், விரல் கணுக்கள் புடைக்கத் தொடங்கும். பென்சில் பிடிக்கச் சிரமப்படும். சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளை எழும்போது கையை ஊன்றும். சென்னைப் புறநகரான பம்மலிலோ அனகாபுத்தூரிலோ இருக்கும் ஒரு தாய் இதை முதலில் கால்சியம் குறைவு என்று நினைப்பார். மருத்துவருக்குக் குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்று தோன்றும். இருவரையும் குறை சொல்ல முடியாது; வீங்கிய கணுவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கும், சி.ஆர்.பி.யும் சரியாக இருக்கும். அழற்சியே இல்லாமல் கணு ஏன் புடைக்கிறது என்ற கேள்வி அப்போதே எழ வேண்டும். அது எழுவதற்குள் சில வீடுகளில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டுமாக வருடங்கள் ஓடிவிடுகின்றன.

நோயின் பெயர் புரோக்ரெசிவ் சூடோருமட்டாய்டு டிஸ்பிளேசியா. முடக்குவாதத்தின் சாயலில் வரும் மரபுவழி எலும்புக் கோளாறு இது. எலும்பு முனையில் வழுவழுவென்று இருக்க வேண்டிய குருத்தெலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. முதுகெலும்பின் கட்டைகள் தட்டையாகின்றன. பதின்வயதில் இடுப்பு மூட்டு இறுகி நடை தடுமாறுகிறது. காரணமான மரபணு 1999இல் தெரியவந்தது. அன்று அதற்கு விஸ்ப்3 என்று பெயர், இன்று சி.சி.என்.6 என்கிறார்கள். தாயிடமிருந்து வந்த நகல், தந்தையிடமிருந்து வந்த நகல் இரண்டுமே பழுதானால்தான் நோய் வரும். ஒரு நகல் மட்டும் பழுதானவர் அது தன்னிடம் இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில், ஒரே தாத்தாவிடமிருந்து இறங்கிய ஒரே பழுது கணவனிடமும் மனைவியிடமும் இருந்துவிட வாய்ப்பு கூடுதல்.

இந்தக் குழந்தைகளில் சிலர் கடைசியில் சென்னை சென்ட்ரலில் ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் எலும்பியல் பிரிவில் மருத்துவர் விருஷா மாதுரியின் குழு இந்த மரபணுவில் உள்ள பிழைகளைத் தேடிக் கண்டு வெளியிட்டிருக்கிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் கிரிஷாவின் குழு இந்தியக் குடும்பங்கள் பலவற்றை ஆராய்ந்தபோது, சில பிழைகள் மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் ஒன்று, புரதத்தின் 52ஆவது அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்திலேயே ‘நிறுத்து’ என்று எழுதிவிடுகிறது. புரதம் அங்கேயே அறுந்துபோகிறது.

ஆக, எந்த மரபணு என்று தெரியும். எந்த எழுத்து மாறியது என்றும் தெரியும். அந்தப் புரதம் மூட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதுதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அது தெரியாமல் மருந்து தேட முடியாது. நான்கு வயதுக் குழந்தையின் முழங்காலிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்துப் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி சுண்டெலியிடம் போகிறது.

சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 20 நாள். பிறந்து மூன்று வாரத்தில் தாயைப் பிரியும். எட்டு வாரத்துக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நமக்கு இருக்கும் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதனிடம் ஓர் இணை உண்டு. ஆனால் நமக்கு வேண்டிய பிழையோடு அது தானாகப் பிறக்காது. அந்தப் பிழையை எழுத வேண்டும். எழுதுகிற வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான், அது ஏன் ஒவ்வோர் ஆய்வகமும் தனித்தனியாகச் செய்யக்கூடியது அல்ல என்பது விளங்கும்.

பெண் எலிக்கு முதலில் ஒரு ஹார்மோன் ஊசி, இரண்டு நாள் கழித்து இன்னொன்று. வழக்கத்தைவிடப் பல மடங்கு கருமுட்டைகள் முதிர்கின்றன. அன்றிரவு ஆணோடு விட்டால், மறுநாள் காலை கருக்குழாயின் ஒரு பகுதி உப்பலாகத் தெரியும். ஊசி முனையால் அதைக் கிழித்தால் கருவுற்ற முட்டைகள் ஒரு கொத்தாக வெளியே வரும். சுற்றியுள்ள செல்களை ஒரு நொதியால் கழுவி நீக்குகிறார்கள். ஒவ்வொரு முட்டையின் குறுக்களவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நுண்ணோக்கியின் கீழ் இடப்பக்கம் ஒரு கண்ணாடிக் குழல் லேசாக உறிஞ்சி முட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கமிருந்து இன்னொரு குழல் வரும், முடியைவிடப் பல மடங்கு மெல்லிய முனையோடு. முட்டைக்குள் தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் இன்னும் ஒன்று சேராமல் இரண்டு குமிழிகளாகக் கிடக்கும். குழல் உள்ளே நுழைந்து கரைசலைச் செலுத்தும்போது குமிழி சற்றே பருக்கிறது. அந்தப் பருமன் கண்ணுக்குத் தெரிந்த கணமே குழலை வெளியே இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் முட்டை வெடித்துவிடும். தேர்ந்த கை ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளில் இதைச் செய்யும். அந்தக் கை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

குழலில் இருப்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1980இல் அமெரிக்காவில் கோர்டனும் ரடிலும் வெளியிலிருந்து ஒரு டி.என்.ஏ. துண்டைச் செலுத்தினார்கள். அது மரபுத்தொகுதியில் எங்கே போய் ஒட்டும் என்பது யார் கையிலும் இல்லை. பிறகு கேப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் காட்டிய வழியில், கருநிலை ஸ்டெம் செல்லில் குறிப்பிட்ட மரபணுவை மட்டும் மாற்றி எலியை உருவாக்க முடிந்தது. 2007இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2013 முதல் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்துவிட்டது. வேலூரில் பார்த்த அதே எழுத்து மாற்றத்தை முட்டையிலேயே எழுதலாம்.

ஊசி போட்ட முட்டைகளை ஒரு வாடகைத் தாய் எலியின் கருக்குழாயில் விடுகிறார்கள். குட்டிகள் பிறந்ததும் காது ஓரத்திலோ வால் நுனியிலோ ஒரு துணுக்கு எடுத்து பி.சி.ஆர். செய்கிறார்கள். பெரும்பாலான குட்டிகளில் மாற்றம் இருக்காது. இருக்கும் குட்டியிலும் உடலின் சில செல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதை மேலும் இனப்பெருக்கம் செய்து, அடுத்த தலைமுறையில் தெளிவான பிழையோடு பிறக்கும் எலியைப் பிடித்தால்தான் ஒரு வரிசை நிலைபெறும்.

எலும்பு ஆய்வில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பல மரபணுக்களை உடல் முழுக்க நீக்கினால் கரு தாயின் வயிற்றிலேயே இறந்துவிடும். ஆகவே குருத்தெலும்பில் மட்டும், அல்லது தசையில் மட்டும், அல்லது கைகால் மொட்டில் மட்டும் நீக்க வேண்டும். இதற்கு இரண்டு எலி வரிசைகள் தேவை. ஒன்றில் நீக்க வேண்டிய மரபணுவின் இருபுறமும் வெட்டுக்குறிகள் இருக்கும். மற்றதில் ‘கிரி’ என்ற நொதி, ஒரு பாக்டீரிய வைரஸிடமிருந்து கடன் வாங்கியது, குறிப்பிட்ட திசுவில் மட்டும் சுரக்கும். இரண்டையும் கலந்து, பிறந்ததை மறுபடி கலந்தால், நான்கில் ஒரு குட்டிதான் ஆய்வுக்கு வேண்டியது. ஒரே நேரத்தில் இரண்டு மரபணுக்களை நீக்க வேண்டுமென்றால் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று போகும். இரண்டு தலைமுறைக்கே அரை வருடம் ஆகிவிடும். ஐ.ஐ.டி. கான்பூரின் அமிதாபா பந்தோபாத்யாய் எலும்பு உருவாவதில் பி.எம்.பி. புரதங்களின் பங்கைப் பிரித்துக் காட்டியது, கைகால் மொட்டில் மட்டும் அவற்றை நீக்கிய இப்படிப்பட்ட எலிகளைக் கொண்டுதான்.

ஓர் ஆய்வகம் இதையெல்லாம் தனியே செய்தால் ஊசி போடும் கருவி, தேர்ந்த ஆள், கிருமி நீக்கிய கூண்டுகள், சீரான வெப்பநிலை உள்ள அறை, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, கால்நடை மருத்துவர், ஜெனரேட்டர் என எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ள வேண்டும். பம்மலில் வீட்டுக்கு வீடு மாவு மில் வைத்துக்கொள்வதில்லை; தெருமுனையில் ஒன்று இருந்தால் போதும், அவரவர் தானியத்தை எடுத்துப்போய் அரைத்து வருகிறோம். மரபணு மாற்றிய சுண்டெலிக்கும் அப்படியொரு பொது இடம் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் உலகின் பெரிய எலும்பு ஆய்வு மையங்கள் இயங்குகின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலும்பு, தசை ஆய்வு மையம் அரசு நிதியில் இப்படி ஒரு பொது விலங்குப் பிரிவை நடத்துகிறது. மெய்ன் மாநிலத்தில் 1929இல் தொடங்கிய ஜாக்சன் ஆய்வகம் பல்லாயிரம் எலி வரிசைகளைக் காத்து, கேட்பவர்களுக்கு அனுப்புகிறது.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமானது பெங்களூருவில் இருக்கிறது. பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள், தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்., 2009இல் வந்த ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம், தொழில்நுட்ப மையமான சி-கேம்ப் மூன்றும் ஒரே வளாகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே எலி மரபுத்தொகுதியை மாற்றுவதற்கென்றே ஒரு பொதுக்கூடம் நடக்கிறது. வெளி ஆய்வகங்கள் தங்கள் மரபணுவைச் சொன்னால், முட்டையில் ஊசி போட்டு எலியாக்கித் தருவது, கிருமி தொற்றிய வரிசையைக் கருமாற்றம் செய்து சுத்தமாக்கித் தருவது, விந்தணுவையும் கருவையும் உறையவைத்துப் பாதுகாப்பது எல்லாம் அதன் வேலை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2013இல் தேசிய எலி ஆய்வு வளம் என்ற பெயரில் இந்த வளாகத்துக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யிலும் மரபணு மாற்றிய எலிகளுக்கான கூடம் உண்டு. ஜீனோம் வேலியில் ஐ.சி.எம்.ஆர். ஒரு பெரிய விலங்கு வள மையத்தை அமைத்திருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு எலியை உருவாக்கி என்ன கண்டார்கள்? கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது 1997இல் ஜப்பானில் கொமோரியின் குழு செய்தது. பிறந்த எலிக்குட்டியின் தோலை நீக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்து, இரண்டு சாயங்களில் தோய்த்து, காரக் கரைசலில் தசையைக் கரைத்து கிளிசரினில் போட்டால், குப்பிக்குள் குட்டி முழுக்கத் தெளிந்துபோய் எலும்புக்கூடு மட்டும் நிறத்தோடு நிற்கும். குருத்தெலும்பு நீலம், சுண்ணாம்பு ஏறிய எலும்பு சிவப்பு. ரன்எக்ஸ்2 என்ற மரபணுவின் இரண்டு நகல்களையும் நீக்கிய குட்டியில் முறையான எலும்பே உருவாகவில்லை. மண்டையோடு, விலா, கைகால் எங்கும் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. விலாக்கூடு தாங்காததால் அக்குட்டிகள் பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் இறந்தன. ஒரு நகலை மட்டும் இழந்த குட்டிகள் உயிரோடு இருந்தன, ஆனால் காறை எலும்பு வளர்ச்சி குன்றியிருந்தது. மனிதரில் காறை எலும்பு இல்லாமல் பிறந்து, இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்க முடிகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பழுதாகியிருப்பது இதே மரபணுவின் ஒரு நகல் என்பதும் அதே ஆண்டில் தெளிவானது. எலியும் மனிதனும் இவ்வளவு அச்சாக ஒத்துப்போவது அபூர்வம்.

அதே 1997இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில் சைமனெட்டின் குழு, வேலை தெரியாத ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும் எலிகளை உருவாக்கியது. எக்ஸ்ரேயில் அவற்றின் எலும்புகள் மற்ற எலிகளுடையதைவிட அடர்ந்து வெண்மையாகத் தெரிந்தன. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் புரதம் அது. மறு ஆண்டே அந்தப் புரதம் பிடித்து நிறுத்துகிற கூட்டாளி அடையாளம் காணப்பட்டது. அதற்கு ராங்க் லிகண்டு என்று பெயர். அதை முடக்கும் டெனோசுமாப் ஊசி 2010இல் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்மூர் மருத்துவர்களும் இன்று எழுதிக்கொடுக்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டிக்கு அந்த எலிகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதற்கு அந்த எலிகளும் ஒரு காரணம்.

இனி எலி கைவிட்ட இடங்கள். இவற்றைச் சொல்லாமல் எலியின் பெருமையை மட்டும் பேசும் நூல்கள் வாசகரை ஏமாற்றுகின்றன என்பது என் கருத்து.

நம் குழந்தைகளின் விஸ்ப்3க்கே வருவோம். 2005இல் அமெரிக்காவில் வார்மனின் குழு அந்த மரபணுவை முழுக்க நீக்கிய எலிகளை உருவாக்கியது. எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டு சரியாக இருந்தது, எலும்பும் சரியாக இருந்தது. அதே மரபணுவை வழக்கத்துக்கு மேல் சுரக்கவைத்தும் பார்த்தார்கள். அப்போதும் எலும்பு வளர்ச்சியில் மாற்றமில்லை. நான்கு கால்களில் நடக்கும் 25 கிராம் உயிரின் மூட்டில் குருத்தெலும்பு சில செல் வரிசைகள் மட்டுமே. இரண்டு வருடம்தான் அதன் ஆயுள். இரண்டு கால்களில் உடல் எடை முழுவதையும் சுமந்து பல பத்தாண்டுகள் நடக்கும் மனித முழங்காலில் இந்தப் புரதத்துக்கு இருக்கும் வேலை எலிக்குத் தேவைப்படாமல் போயிருக்கலாம். இந்த முடிவு அச்சில் வந்தது பெரிய நன்மை. வராமல் போயிருந்தால் இன்னொரு நாட்டில் இன்னொரு குழு அதே எலியை மறுபடி உருவாக்கி, அதே ஏமாற்றத்தை அடைந்திருக்கும்.

தசையில் ஜி.என்.இ. மயோபதி என்று ஒரு நோய். வாலிப வயதில் பாதத்தைத் தூக்க முடியாமல் தொடங்கி மெல்ல மேலேறும். இந்தியத் துணைக்கண்டத்தில் இதன் ஒரு குறிப்பிட்ட பிழை பல குடும்பங்களில் பரவிக்கிடக்கிறது. ஜப்பானின் நிஷினோ குழு 2007இல் இந்த நோயுள்ள எலியை உருவாக்கியது. 2009இல் சியாலிக் அமிலம் கொடுத்தால் அந்த எலி நோயிலிருந்து காக்கப்படுகிறது என்று காட்டியது. நோயாளிகள் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். அதே அமிலத்தை மெல்ல வெளியிடும் மாத்திரையை மனிதரிடம் சோதித்த மூன்றாம் கட்ட ஆய்வு 2017இல் பலனளிக்கவில்லை. டூஷேன் தசைச்சிதைவு நோயிலும் இதுபோல் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒருவருக்கு வரும் இந்த நோய்க்கு, எடின்பரோவில் 1984இல் தற்செயலாகக் கிடைத்த எம்.டி.எக்ஸ். எலிதான் இன்றளவும் முதல் துணை. நோய்க்குக் காரணமான அதே டிஸ்ட்ரோஃபின் மரபணுதான் அதிலும் பழுது. ஆனால் பையன் பன்னிரண்டு வயதுவாக்கில் சக்கர நாற்காலிக்குப் போகிறான்; எலியோ கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. யூட்ரோஃபின் என்ற உறவுக்காரப் புரதம் அதற்குக் கைகொடுக்கிறது. 1997இல் அதையும் சேர்த்து நீக்கிய பிறகுதான் எலி மனிதப் பிள்ளையைப் போல் துவண்டது. கோயம்புத்தூரின் எம்.டி.சி.ஆர்.சி. மையம் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் டிஸ்ட்ரோஃபின் பிழைகளைத் தேடிப் பட்டியலிடுகிறது. சேலத்தில் ஆதவ் அறக்கட்டளை தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு இடம் கொடுத்தது. இவர்கள் பக்கமிருந்து பார்த்தால், எலியில் வெற்றி என்று நாளிதழில் வரும் ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டியது என்பது புரியும்.

எலி சொல்வதை எல்லாம் நம்பக் கூடாது. எலி இல்லாமல் தொடங்கவும் முடியாது. அப்படியானால் எத்தனை எலி, யார் கணக்கு வைப்பது?

இதற்கான சட்டம் தென்சென்னையோடு நெருங்கிய தொடர்புடையது. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்த வாரியம் 2018இல் ஹரியானாவுக்குப் போகும்வரை திருவான்மியூரில்தான் இயங்கியது. சோதனை விலங்குகளை மேற்பார்க்கும் மத்தியக் குழு இந்தச் சட்டத்தின் கீழ் வருவது. 1998இல் வந்த விதிகளின்படி எந்த நிறுவனமும் பதிவு செய்யாமல் விலங்குக்கூடம் நடத்த முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் விஞ்ஞானிகளோடு ஒரு கால்நடை மருத்துவர், விஞ்ஞானி அல்லாத ஒரு சமூக ஆர்வலர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் உட்கார வேண்டும். இத்தனை எலி ஏன், இதைவிடக் குறைவாக முடியாதா என்று அவர்கள் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் அனுமதி இல்லை.

சட்டம் ஆராய்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பொதுக்கூடத்துக்கான மிக வலுவான நியாயம் எலியின் பக்கம்தான் இருக்கிறது. பத்து ஆய்வகங்கள் ஒரே வரிசையைத் தனித்தனியாக வளர்த்தால், நான்கில் ஒன்று வேண்டும், மீதி மூன்று வேண்டாம் என்ற கணக்கு பத்து மடங்காகும். வேண்டாத குட்டிகளுக்கு நேர்வது ஒன்றுதான். ஒரே இடத்தில் வளர்த்துப் பகிர்ந்தால் ஓர் ஆய்வகத்துக்கு வேண்டாத உடன்பிறப்பு இன்னொன்றுக்கு ஒப்பீட்டு எலியாகும். யாருக்கும் தேவைப்படாத காலத்தில் வரிசையை உயிரோடு வளர்க்கவே வேண்டாம். விந்தணுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைத்துவிட்டு, தேவைப்படும்போது சோதனைக்குழாய்க் கருவாக்கத்தில் எழுப்பிக்கொள்ளலாம்.

உறைவிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 அக்டோபரில் சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கீழ்த்தள விலங்குக்கூடத்தில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகள் மூழ்கின. பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வரிசைகள் ஒரே இரவில் போயின. அவற்றில் முன்னரே வேறு ஆய்வகங்களோடு பகிர்ந்தவற்றைத் திரும்பக் கேட்டு வாங்க முடிந்தது. பகிராமல் வைத்திருந்தவை போனது போனதுதான். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானதும், அடையாறு கரைபுரண்டு அனகாபுத்தூர், பொழிச்சலூர் வீடுகளில் ஏறியதும், பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் நமக்கு மறந்திருக்காது. இந்தப் பகுதியில் எலிக்கூடம் கட்டுகிறவர் அதை முதல் மாடியில் கட்டி, உறைந்த நகல் ஒன்றை வேறு ஊரிலும் வைக்க வேண்டும்.

கட்டத்தான் வேண்டுமா? பெங்களூரு இருக்கிறதே என்று கேட்கலாம். வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இன்ஸ்டெம்மின் ஓர் அலகாகவே இயங்குகிறது. நோயாளி வரும் மருத்துவமனைக்கும் எலி பிறக்கும் வளாகத்துக்கும் நடுவே அப்படியொரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. புதிய எலியை உருவாக்கும் வேலை அங்கேயே நடக்கட்டும். அந்தத் தேர்ந்த கைகளை இன்னோர் ஊரில் மறுபடி உருவாக்குவது வீண். தென்சென்னைக்கு வேண்டியது அதன் கிளைபோல் ஒரு வளர்ப்பிடம். குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்கொளத்தூர்வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிண்டியில் ஐ.ஐ.டி., தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். வாத நோய்க்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து மூட்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க, அழற்சியைத் தூண்டும் மனித டி.என்.எஃப். புரதம் மிகுதியாகச் சுரந்து தானாகவே மூட்டழற்சி வரும் எலி பொருத்தமானது. கிரேக்கத்தில் கோலியாஸ் குழு 1991இல் அதை உருவாக்கியது, டி.என்.எஃப்.பை முடக்கினால் மூட்டழற்சி வராமல் தடுக்கலாம் என்று அந்த எலி முதலில் காட்ட, 1999இல் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. அதே எலியை நம் மருந்துகளுக்கும் உரைகல்லாக வைக்கலாம்.

ஆனால் அங்கே முதலில் வளர்க்க வேண்டியது எது என்று கேட்டால், நான் வேறு இரண்டு எலிகளைச் சொல்வேன்.

1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும், அன்று சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூர் மாவட்டத்தில் கழுத்தும் முதுகும் இறுகி, மூட்டு மடங்காமல் போன மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடுதான் காரணம். இந்தியாவில் எலும்பு ஃபுளோரோசிஸ் பற்றிய ஆராய்ச்சி பம்மலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொடங்கியது என்று இதைச் சொல்லலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லை நீடித்ததால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ஒரே கிணற்றுத் தண்ணீரை ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவர் முதுகு வளைந்தும் மற்றவர் நிமிர்ந்தும் நடப்பது ஏன்? ஏ/ஜே என்ற எலி வரிசைக்கு ஃபுளூரைடு கலந்த தண்ணீர் கொடுத்தால் எலும்பின் வலு நன்றாகக் குறைகிறது. 129பி3/ஜே என்ற வரிசைக்கு அதே தண்ணீர் கொடுத்தால் ஃபுளூரைடு அதன் எலும்பில் அதே அளவு சேர்கிறது, வலு மட்டும் குறைவதில்லை. 2006இல் வெளியான முடிவு இது. வேறுபாடு தண்ணீரில் இல்லை, மரபணுவில்தான் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வரிசைகளையும் வாங்க யாரும் ஊசி போட வேண்டியதில்லை. உலகின் எலி வங்கிகளில் அவை கிடைக்கின்றன. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு சுத்தமான அறையில் இரண்டையும் கலந்து, பேரக்குட்டிகளுக்கு ஃபுளூரைடு தண்ணீர் கொடுத்து, எந்தக் குட்டியின் தொடையெலும்பு எவ்வளவு பளுவில் முறிகிறது என்று அளந்து, மரபணுக்களோடு ஒப்பிடத் தொடங்கலாம். சந்தேகத்துக்குரிய மரபணு தெரிந்ததும் பெங்களூருவுக்கு எழுதி, அந்த ஒரு மரபணுவை மட்டும் மாற்றிய எலியைக் கேட்கலாம். தருமபுரியில் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களில் பலர் இன்னும் நடுவயதைத் தாண்டவில்லை. எலும்பில் ஒருமுறை ஏறிய ஃபுளூரைடு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. யாருடைய முதுகை முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க அந்த மரபணுவின் பெயர் மருத்துவர்களுக்கு உதவும்.